டபுள்ஸ் போகும் முன்

நம் ஊரில் பைக் என்றாலே டபுள்ஸ்தான். வேலைக்குப் போகும்போது சிங்கிள்ஸ் போகிற வண்டிகூட, கல்யாணம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு என்றால் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. ஆனால் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர் தனியாகத்தான் எட்டுப் போட்டுக் காட்டுகிறார். பின்னால் ஆள் ஏறினால் வண்டி எப்படி மாறும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பின்னால் உட்காருகிறவருக்கோ, வண்டி ஓட்டுவதில் தனக்கும் பங்கு உண்டு என்பதே தெரியாது. அந்த இருவருக்காகவும்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ என்றால் மொத்தம் 182. பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் 242. ஒரே நொடியில் மூன்றில் ஒரு பங்கு எடை கூடிவிட்டது. அதைவிட முக்கியம், கூடிய எடை எங்கே இறங்குகிறது என்பது. பின் சீட்டு கிட்டத்தட்ட பின் சக்கர அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. அதனால் அந்த 60 கிலோவில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் விழும். முன் சக்கரத்துக்குப் போவது சில கிலோ மட்டுமே. கிளம்பியதும் ஹேண்டில் லேசாகத் தெரிவது, வளைவில் வண்டி வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போவது, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பது, வேகத்தடையில் ஸ்டாண்டு உரசுவது எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

தினமும் வேலைக்குப் போய்வர வாங்கும் சிறிய கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் ஏற்றலாம் என்று கம்பெனி சொல்லும் எடை 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர், பை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 130. 75 கிலோ ஆட்கள் இருவர் ஏறினாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. நம் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

காற்று

டபுள்ஸுக்கு வண்டியைத் தயார் செய்வதில் மிகவும் மலிவானதும் மிகவும் பலன் தருவதும் காற்றுதான். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பின் டயருக்கு இரண்டு எண் இருக்கும். ஒன்று தனியாகப் போக, இன்னொன்று இருவர் போக. பல கம்யூட்டர் பைக்குகளில் முன் டயர் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின் டயர் தனியாக 28. இருவர் என்றால் சில வண்டிகளில் 32, சிலவற்றில் 40 வரை. வண்டிக்கு வண்டி இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணை நம் வண்டிக்கு வைக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் முன் டயர் எண் மாறுவதில்லை. பங்க்கில் “முன்னாடி 30, பின்னாடி 40” என்று வழக்கமாக அடித்துவிடுவார்கள். முன்னால் 30 போனால் ஈரமான ரோட்டில் முன் சக்கரத்தின் பிடி குறையும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடினாலே எண் ஏறத் தொடங்கிவிடும். சட்டைப்பையில் வைக்கும் பேனா அளவு கேஜ் ஒன்று வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

பின் டயரில் காற்று குறைவாக இருக்கும்போது டபுள்ஸ் போனால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும். அதனால் சூடு ஏறும். டியூப் டயராக இருந்தால் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டியூபையும் இழுக்கும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நின்றால் அதுதான் அடையாளம். அப்படியே விட்டால் வால்வின் அடியில் டியூப் கிழியும். அது ஆணி குத்தியதுபோல் மெதுவாக இறங்காது, ஒரேயடியாகக் காலியாகும். பின் டயர் காற்று போனால் வண்டியின் பின்பகுதி மீன் வாலாட்டுவதுபோல் ஆடும். அப்போது ஆக்ஸிலேட்டரை மெதுவாக மூட வேண்டும், பின் பிரேக்கைத் தொடக் கூடாது, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் நேராக ஓடவிட்டு முன் பிரேக்கை மென்மையாகக் கொடுத்து ஓரம் கட்ட வேண்டும். பின்னால் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அசையாமல் இருப்பது. கால் ஊன்றப் பார்ப்பதுதான் அந்த நேரத்தில் ஆளைக் கீழே தள்ளும்.

ஷாக், செயின், லைட்

பின் ஷாக்கில் (ஷாக் அப்சார்பர்) ஸ்பிரிங்கின் ஒரு முனையில், பல வண்டிகளில் கீழ்முனையில், படிக்கட்டு வெட்டியதுபோல் ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. டூல் கிட்டில் அரிவாள்போல வளைந்த ஸ்பேனர் ஒன்று சும்மா கிடக்கிறதே, அது இதற்குத்தான். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஸ்பேனரின் மூக்கை வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் திருப்பினால் வளையம் அடுத்த படிக்கு ஏறி ஸ்பிரிங்கை அழுத்தும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று விட்டால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டே ஓடும்.

எத்தனை படி என்பதற்கு ஒரு அளவு உண்டு. நடு ஸ்டாண்டில் பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது, சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு இடம் வரை டேப் வைத்து அளக்கவும். பிறகு ஸ்டாண்டை எடுத்து இருவரும் ஏறி உட்கார, மூன்றாவது ஆள் அதே இரண்டு புள்ளிக்கும் நடுவே அளக்கட்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஷாக் இறங்கியிருக்கிறது. ஷாக்கின் மொத்தப் பயணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்குவது சரி. பாதிக்கு மேல் இறங்கினால் இன்னொரு படி ஏற்ற வேண்டும். கடைசிப் படியிலும் பாதிக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. ஷாக் ராடில் எண்ணெய் கசிந்திருந்தால் படி ஏற்றிப் பயனில்லை. பள்ளத்தில் இறங்கிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை துள்ளும். ஷாக்கை மாற்றியே ஆக வேண்டும்.

செயினில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். “டபுள்ஸ் போறோம், செயினைக் கொஞ்சம் டைட் வை” என்று மெக்கானிக்கிடம் சொல்வார்கள். ஆள் ஏறி ஷாக் இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்மின் போல்ட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகின்றன. செயின் போகும் தூரம் அப்போதுதான் அதிகம். அதாவது ஆள் ஏறினாலே செயின் தானாக இறுகும். ஏற்கெனவே இறுக்கி வைத்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டையும் அதன் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். செயின் சீக்கிரம் நீளும், ஸ்ப்ராக்கெட் பல் கொக்கிபோல் வளையும். பெரும்பாலான கம்யூட்டர்களுக்கு நடுப்பகுதியில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு வேண்டும். மூடிய செயின் கவர் என்றால் அடியிலிருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தள்ளிப் பார்க்கலாம். பின் சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எந்த இடத்தில் செயின் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

ஹெட்லைட்டுக்கு ஒரு சுவர் போதும். இருட்டிய பிறகு சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, ஒருவர் மட்டும் உட்கார்ந்து லோ பீமின் மேல் விளிம்பு விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடவும். பின்னால் ஆள் ஏறியதும் வெளிச்சம் கோட்டுக்கு மேலே போகும். ஹெட்லைட்டின் கீழே இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் எதிரே வருகிறவருக்கும் கண் கூசும், நமக்கும் முன் சக்கரத்துக்கு அருகிலிருக்கும் குழி தெரியாது.

தனியாகப் போகும்போது மறைந்துகிடக்கும் கோளாறுகள் சில டபுள்ஸில்தான் வாய் திறக்கும். மெதுவாகப் போகும்போது ஸ்போக் வீலில் “டிக்... டிக்...” என்று சத்தம் வந்தால் ஏதோ ஸ்போக் தளர்ந்திருக்கிறது. வளைவில் பின்பக்கம் தனியாக அசைவதுபோல் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங். நடு ஸ்டாண்டில் போட்டு பின் டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரிந்துவிடும். ஆக்ஸிலேட்டரைத் திறக்கும்போதும் மூடும்போதும் “டக்” என்று உதைத்தால் பின் ஸ்ப்ராக்கெட்டை வீலோடு இணைக்கும் ரப்பர்கள் தேய்ந்துவிட்டன. ஓட்டுகிறவர் ஹேண்டிலைப் பிடித்திருப்பதால் அந்த உதையைப் பொறுத்துக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அது நேராகக் கழுத்தில் போய் அடிக்கும்.

டிரம் பிரேக் என்றால், பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, டிரம்மின் வெளியே இருக்கும் சிறிய அம்புக்குறியைப் பார்க்கவும். அது பக்கத்திலுள்ள கோட்டைத் தொட்டிருந்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ தேய்ந்து தீர்ந்துவிட்டது. நட்டை முறுக்கி ஒப்பேற்றிக்கொண்டு டபுள்ஸ் கிளம்பக் கூடாது.

ஏறுவதும் பிடிப்பதும்

வண்டி விழுவதில் கணிசமானவை நின்ற இடத்தில் விழுபவை. ஓட்டுகிறவர் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, ஸ்டாண்டை எடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு “ஏறலாம்” என்று சொன்ன பிறகுதான் பின்னால் ஏற வேண்டும். சொல்லாமல் ஏறினால் எதிர்பாராத எடையில் வண்டி இடது பக்கம் சாயும். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடது பக்கம். வலது பக்கம் சைலன்சர் இருக்கிறது, டிராஃபிக்கும் அந்தப் பக்கம்தான். ஃபுட்ரெஸ்டில் முழு எடையையும் வைத்து மாடிப்படி ஏறுவதுபோல் ஏறினால் ஓட்டுகிறவரால் தாங்க முடியாது. தரையில் நின்றபடியே வலது காலைச் சீட்டின் மேலாகத் தாண்டிப் போடுவதே நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் என்றால் வண்டியை பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தி, அவர்களை பிளாட்பாரத்தின் மேல் நின்று ஏறச் சொல்லலாம். அந்த ஒரு சாண் உயரமே அவர்களுக்குப் பெரிய வித்தியாசம்.

எங்கே பிடிப்பது? பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரின் தோளைப் பிடிக்கவே கூடாது. பிரேக் அடிக்கும்போது அந்த எடை தோள் வழியாகக் கைக்குப் போய், கை வழியாக ஹேண்டிலைத் திருப்பிவிடும். எனக்குத் தெரிந்து மிகவும் பாதுகாப்பான பிடி, ஒரு கை ஓட்டுகிறவரின் இடுப்பில், மறு கை பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில். வண்டி முன்னால் பாயும்போது இடுப்பைப் பிடித்த கை தாங்கும், பிரேக் அடிக்கும்போது கம்பியைப் பிடித்த கை தாங்கும். கூச்சமாக இருந்தால் இரண்டு கையும் கம்பியில் இருக்கட்டும், தொடையால் சீட்டை நன்றாக அணைத்துக்கொண்டால் போதும். இரண்டு கையிலும் போன் பிடித்திருப்பவருக்கு இந்த இரண்டுமே இல்லை. பின்னால் பெட்டி மாட்டுவதற்காகக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றிய வண்டிகளில் டபுள்ஸ் போவதைத் தவிர்க்கலாம். கம்பி இருந்தாலும் அதன் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்த பிறகு சிக்னலில் நின்றாலும் கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கட்டும். தரையில் கால் வைப்பது ஓட்டுகிறவரின் வேலை. வளைவில் வண்டி சாயும்போது அதோடு சேர்ந்து சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவர் அதை ஈடுகட்ட வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வண்டி இடது பக்கம் திரும்பினால் ஓட்டுகிறவரின் இடது தோளுக்கு மேலே பாருங்கள், வலது பக்கம் திரும்பினால் வலது தோளுக்கு மேலே. பார்வை போகும் பக்கம் உடம்பு தானே போகும்.

ஹெல்மெட்டும் காற்றும் சேர்ந்தால் பேச்சு கேட்காது. கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், இடுப்பில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

சேலையும் துப்பட்டாவும்

80/100-18 டயரின் சுற்றளவு சுமார் 1.94 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு ஐந்தரைச் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. முந்தானை நுனி ஸ்போக்கில் மாட்டினால், கத்துவதற்குள் மீட்டர் கணக்கில் துணி உள்ளே போய்விடும். துணி தோளைச் சுற்றியோ கழுத்தைச் சுற்றியோ இருந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அலாய் வீல் என்றாலும் இதேதான்.

அதனால் முந்தானையை முதுகுக்குப் பின்னால் தொங்கவிடாமல் வலது பக்கமாக முன்னே கொண்டுவந்து இடுப்பில் செருகி, ஒரு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். கொசுவத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே அடக்கிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைப்பதே நல்லது. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கழுத்தில் சுற்றாமல், ஒரு தோளிலிருந்து குறுக்கே இறக்கி இடுப்பில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே செருகவும். கழுத்தைச் சுற்றி இரண்டு முனையையும் பின்னால் விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மழைக்கோட்டின் நுனி, வேட்டி, ஸ்கூல் பையின் தொங்கும் வார் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

சேலை கார்டைக் கழற்றிவிட்டு வண்டி ஸ்டைலாக இருக்கிறது என்று நினைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், திரும்ப மாட்டிவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும், துணி மாட்டாமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளில் கார்டின் கீழ் போல்ட் விழுந்து, கம்பி உள்பக்கம் வளைந்து சக்கரத்தோடு உரசும். அதையும் பார்க்க வேண்டும்.

துணி மாட்டிவிட்டால் ஓட்டுகிறவர் உடனே கிளட்சைப் பிடித்து மெதுவாக நிறுத்தி, இன்ஜினை அணைக்க வேண்டும். துணியைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுழற்றினால் போன வழியே வெளிவரும். வராவிட்டால் வெட்டிவிட வேண்டும், சேலைக்காக யோசிக்கக் கூடாது.

இனி ஒரு பக்கமாக உட்காருவது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சேலை கட்டியவர்கள், பெரியவர்கள் பலர் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள், அதை மறுத்துப் பேசிப் பயனில்லை. அப்படி உட்காரும்போது என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ளட்டும். மனித உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்களில் இருக்கிறது. 60 கிலோ ஆள் என்றால் 20 கிலோ இடது பக்கமாகத் தொங்குகிறது. கிளம்பும்போது வண்டி இடது பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவர் இடது காலை உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். இடது வளைவில் வண்டி நினைத்ததைவிடச் சீக்கிரம் சாயும், வலது வளைவில் சாய மறுக்கும். முழங்கால் வெளியே நீட்டி நிற்பதால் ஹேண்டில் நுழைகிற சந்தில் எல்லாம் நுழைந்துவிடக் கூடாது. பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போகும்போது இடது பக்கம் இன்னும் ஒரு முழம் இடம் விடுங்கள்.

பட்டுச்சேலையும் புது ரெக்சின் சீட்டும் சேர்ந்தால் வழுக்கும். ஒரு பக்கமாக உட்கார்ந்தவருக்குத் தொடையால் பிடிக்க எதுவும் இல்லாததால் திடீர் பிரேக்கில் சீட்டிலேயே சறுக்கி முன்னால் வருவார், திடீர் ஆக்ஸிலேட்டரில் பின்னால் போவார். வலது கை ஓட்டுகிறவரின் இடுப்பைச் சுற்றியும், இடது கை பின் கம்பியிலும், இரண்டு காலும் சேலை கார்டின் கால்தட்டிலும் இருக்க வேண்டும். ஒரு காலைத் தட்டில் வைத்து மறுகாலை அந்தரத்தில் ஆட்டிக்கொண்டு வருவது கூடாது. மடியில் குழந்தை இருந்தால் பிடிக்கக் கையே இல்லை. அந்த நிலையில் ஆட்டோ கூப்பிடுவதுதான் சரி.

ஓட்டும்போது

ஹெல்மெட் ஹெல்மெட்டோடு முட்டினால் பின்னால் இருப்பவர்மேல் தவறில்லை. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடிக் கிளட்சைப் பிடிப்பதால் வருவது அது. கியர் மாற்றும்போது ஆக்ஸிலேட்டரைப் படிப்படியாகக் குறைத்து, அது முழுதாக மூடுவதற்குள் கிளட்சைத் தொட்டு, கியரைப் போட்டு, கிளட்சை விடும்போதே கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முட்டாது. கியர் இறக்கும்போதும் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துவிட்டுக் கிளட்சை விட்டால் வண்டி பின்னுக்கு இழுக்காது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டி முன்னால் போகத் துடிக்கும்போது பிரேக்கை விட வேண்டும்.

எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிறுத்த வேண்டிய விசையும் அதே அளவு கூடும். வழக்கமாக லீவரை அழுத்தும் அளவு போதாது. டபுள்ஸில் பின் சக்கரத்தில் எடை அதிகம் என்பதால் பின் பிரேக் தனியாகப் போகும்போது தருவதைவிட நன்றாக வேலை செய்யும், சீக்கிரம் லாக் ஆகாது. அதை முழுதாகப் பயன்படுத்தலாம். ஆனால் முன் பிரேக்கை விட்டுவிடக் கூடாது, முக்கிய வேலை அதனுடையதுதான். முதலில் இரண்டையும் லேசாகத் தொட்டு, பின்னால் இருப்பவர் உடம்பைத் திடப்படுத்த அரை நொடி கொடுத்து, பிறகு அழுத்தத்தை ஏற்றவும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி இடைவெளி, அதாவது 50 மீட்டர் இருந்தால்தான் இப்படி நிதானமாகப் பிடிக்க முடியும்.

வேகத்தடைக்கு முன்பே பிரேக் அடித்து முடித்துவிட வேண்டும். சக்கரம் ஏறும் நேரத்தில் பிரேக்கைப் பிடித்திருந்தால் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தின் ஷாக்) ஏற்கெனவே இறங்கியிருக்கும், அடியை வாங்க அதில் இடம் இருக்காது. முன் சக்கரம் தாண்டியதும் அவசரப்பட்டு முறுக்குவதும் தவறு, பின் சக்கரம் ஏறும்போதுதான் பின்னால் இருப்பவர் தூக்கியடிக்கப்படுவார். “பள்ளம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் காலில் கொஞ்சம் எடையை ஏற்றி முதுகைக் காப்பாற்றிக்கொள்வார்.

மலை இறக்கம் தனிப் பாடம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி விரிவடைந்து, ஷூவிலிருந்து விலகிப்போகும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், பிடிப்பு குறையும், தீய்ந்த வாடை வரும். டிஸ்க்கில் ஆயில் கொதித்து லீவர் பஞ்சுபோல் ஆகும். எந்த கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குவது நல்ல வழக்கம். பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜினே பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன் மட்டும் பிரேக் போட்டு விட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். ஸ்கூட்டரில் கியரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, எல்லாச் சுமையும் பிரேக்கில்தான். அதனால் ஆள் ஏற்றி இறங்குகிறவர்கள் பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விழலாம்.

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும்போது முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அங்கே பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். இருவர் உட்கார்ந்திருந்தால் காற்று படும் பரப்பும் கூடுகிறது, முன் சக்கரமும் லேசாக இருக்கிறது. வேகத்தை 50-க்குள் வைத்து, தடத்தின் நடுவில் போய், லாரி தாண்டும்போது காற்று நின்று மறுபடி அடிக்கும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மழையில் பின்னால் குடை விரிக்கவே கூடாது. காற்று குடையைப் பிடித்து இழுத்தால் ஆளும் பின்னால் போய்விடுவார்.

சாமான் இருந்தால் இருவருக்கும் நடுவிலோ, டேங்க் அருகிலோ இருக்கட்டும். பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் 20 கிலோ மூட்டையைக் கட்டினால், 1236 மி.மீ. வீல்பேஸ் (இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம்) உள்ள வண்டியில் முன் சக்கரத்திலிருந்து 4 கிலோ எடையை அது தூக்கிவிடுகிறது. ஏற்கெனவே லேசாக இருக்கும் சக்கரத்துக்கு அது பெரிய இழப்பு.

குழந்தையும் ஹெல்மெட்டும்

பின்னால் இருப்பவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும், தாடை வாரும் போட்டிருக்க வேண்டும். வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு. ஹெல்மெட் இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தடை. டிரிபிள்ஸுக்கும் அதே தண்டனை. எல் போர்டு போட்டு ஓட்டுகிறவர் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி இருக்கிறது. ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், 9 மாதத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட், வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வார் 30 கிலோ வரை தாங்க வேண்டும். குழந்தையை டேங்கில் முன்னால் உட்காரவைக்கும் வழக்கத்தை விட்டேயாக வேண்டும். பிரேக் அடித்தால் ஹேண்டிலில் மோதும் முதல் ஆள் அந்தக் குழந்தைதான், பின்னாலிருந்து ஓட்டுகிறவரின் எடையும் சேர்ந்து நசுக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வயதைவிடக் கால்தான் அளவு. இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்டில் முழுதாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கால் தொங்கிச் சக்கரப் பக்கம் போகும், குதிகால் ஸ்போக்கில் மாட்டும். பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிடுவார்கள், பெரியவர்களும்தான். முதுகில் தலை சாய்வதோ இடுப்புப் பிடி தளர்வதோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நீண்ட பயணத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் இருவருக்கும் நல்லது.

போய்ச் சேர்ந்ததும் இறங்குவதற்கும் ஒரு வார்த்தை வேண்டும். வண்டி நின்று, இரண்டு காலும் ஊன்றிய பிறகு “இறங்கலாம்” என்று சொல்லுங்கள். இறங்குகிறவர் இடது பக்கமாக, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து இறங்கட்டும். பழக்கத்தில் வலது பக்கம் இறங்கினால் சைலன்சரில் கெண்டைக்கால் படும். பட்டுவிட்டால் பத்து, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், பேஸ்ட் தடவக் கூடாது. மறுநாள் காலையில் டயர் குளிர்ந்த பிறகு பின் காற்றைத் தனியாகப் போகும் எண்ணுக்கு இறக்கி, ஷாக்கை இரண்டு பக்கமும் பழைய படிக்குக் கொண்டுவந்து, ஹெட்லைட் ஸ்க்ரூவையும் சுவரில் போட்ட சாக்பீஸ் கோட்டுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.